அடுத்த பன்னிரண்டு மாதங்கள்

2022 ஜனவரி 9, ஞாயிறு

இந்தக் கொப்பியைக் கொழும்புக் கொம்பனி அனுப்பியிருக்கிறது. முதல் பக்கத்தில் "களக் குறிப்புகள்" என்று அச்சடித்திருக்கிறார்கள். களக் குறிப்புக்கு மாதம் இரண்டு பக்கம் போதும். மிச்சப் பக்கங்களை நான் எடுத்துக்கொள்கிறேன். கேட்டால் கறையான் தின்றுவிட்டது என்று சொல்லலாம்.

வேலை இதுதான். மாதம் ஒரு தடவை இருபது வீடுகளுக்குப் போய் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் அதே வீடுகள், அதே கேள்விகள். போன வருஷத்தோடு பார்க்க உங்கள் குடும்பத்தின் நிலைமை எப்படி? அடுத்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் குடும்பம் எப்படி இருக்கும்? அடுத்த பன்னிரண்டு மாதங்களில் நாடு எப்படி இருக்கும்? ஐந்து வருஷத்தில் நாடு எப்படி இருக்கும்? கடைசியாக, வீட்டுக்குப் பெரிய சாமான் வாங்க இது நல்ல நேரமா? மிக மோசம் என்றால் ஒன்று, மிக நல்லது என்றால் ஐந்து. இதற்கு நுகர்வோர் நம்பிக்கை என்று பெயர். இதே கேள்விகளை ஜெர்மனியிலும் கேட்கிறார்களாம். வசதியான நாட்டுச் சனங்களின் நம்பிக்கையையும் எங்களைப் போல் தள்ளாடுகிற நாட்டுச் சனங்களின் நம்பிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. கேள்வி கேட்பதில் நான் கெட்டிக்காரி. சொன்னதைச் சொன்னபடி எழுதுவேன்.

இன்று வீட்டிலும் ஒரு காரியம் முடிந்தது. மார்கழி முழுக்க என் வீட்டுக்காரர் கடலால் போகிற கதைதான் கதைத்தார். அக்கரையில், இந்திய அகதி முகாமில், இவருடைய சின்னம்மாவின் மகன் இருக்கிறான். முதலில் இவர் படகில் போய்ச் சேர்வாராம். பிறகு என்னையும் மகள் ஆரணியையும் கூப்பிடுவாராம். ஆரணிக்குப் பதினொரு வயது, கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுகிறவள். நான் இரண்டு நாள் இவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இன்று காலை சாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் கேட்டேன்.

"இந்த ஓட்டோ ஓடுமட்டும் நான் எங்கையும் போகமாட்டன். காணுமே?" என்றார்.

காணும். எனக்கு அது போதும். ஓட்டோ வாங்கி மூன்று வருஷம்தான், புதுசு மாதிரி ஓடுகிறது. அந்தக் கதை இத்தோடு முடிந்தது.

பெப்ரவரி 5, சனி

முதல் சுற்று முடிந்தது. கால் இரண்டும் வீங்கிவிட்டன.

எங்கள் சனங்களிடம் போன வருஷத்தைப் பற்றிக் கேட்டால் கொட்டித் தீர்க்கிறார்கள். அடுத்த வருஷத்தைப் பற்றிக் கேட்டதும் வாய் மாறிவிடுகிறது. பால்மா இல்லை, காஸ் இல்லை என்று இவ்வளவு நேரமும் அழுதவர்கள், "நல்லாத்தான் இருக்கும் பிள்ளை" என்கிறார்கள். கெட்டதை வாயால் சொன்னால் அது வீட்டுக்குள் வந்துவிடும் என்ற பயம். ஏழாம் இலக்க வீட்டு அம்மா விளக்குக் கொளுத்திக்கொண்டு நின்றா. "விளக்கு வைக்கிற நேரத்திலை உப்பிடியே கேக்கிறது? நல்லா இருப்பம் எண்டு எழுது" என்று முகத்தைச் சுளித்தா. எழுதினேன். இதுவும் ஒரு நம்பிக்கையா? இனிமேல் விளக்கு வைக்கிற நேரம் ஒரு வீட்டுக்கும் போகக்கூடாது, கணக்குப் பிழைத்துவிடும்.

நேராகப் பதில் சொன்னது பறுவதமக்கா ஒருத்திதான். வெங்காயத் தோட்டக்காரி, இரண்டாம் இலக்க வீடு.

"எழுதடி. ஒண்டு, ஒண்டு, ஒண்டு, ஒண்டு. இவங்கள் ஒருத்தரும் உருப்படமாட்டாங்கள்."

"பெரிய சாமான் வாங்க நல்ல நேரமோ அக்கா?"

"ஓம், அதுக்கு மட்டும் அஞ்சு போடு. கையிலை இருக்கிறதுக்கு எல்லாம் இப்பவே வாங்கிப் போடவேணும்."

"அதென்ன, எல்லாத்துக்கும் ஒண்டு, வாங்கிறதுக்கு அஞ்சு?"

"காசை வச்சிருந்தா நாளைக்கு அது வெறும் கடதாசி. பானையை வாங்கி வச்சா பானையாவது மிஞ்சும்."

கடைசியாகப் போனது பதினான்காம் இலக்கம், கடற்கரையோர வீடு. ஜெசிந்தா என்று ஒரு பெண். புருஷன் கடல்தொழில். பிள்ளைகள் இரண்டு. எல்லாவற்றுக்கும் இரண்டு, இரண்டு என்று சொல்லிவிட்டு அழுதாள். கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தாள், சீனி இல்லாமல்.

மார்ச் 11, வெள்ளி

ஒரே கிழமையில் எல்லா விலையும் ஏறிவிட்டது. சந்திக் கடையில் இப்போது விலையைச் சோக்கால்தான் எழுதுகிறார்கள், அழிக்கச் சுகம் என்று.

அன்ரன் சேர் கொழும்பில் இருந்து போன் எடுத்தார். என் மேற்பார்வையாளர், சொந்த ஊர் மன்னார்.

"அரசி, உங்கடை ஆக்கள் சாமான் வாங்க நல்ல நேரம் எண்டு அஞ்சஞ்சாப் போட்டிருக்கினம். ஜெர்மன்காரனே மூண்டுக்கு மேலை போகேல்லை. என்ன நடக்குது உங்கை?"

பறுவதமக்காவின் பானைக் கதையைச் சொன்னேன். 

"அவன் அஞ்சு எண்டா பயமில்லை எண்டு அர்த்தம். நாங்கள் அஞ்சு எண்டா பயம் எண்டு அர்த்தம். இலக்கம் ரெண்டும் ஒண்டுதான். நான் இதை எந்தக் கட்டத்துக்குள்ளை போடுறது?"

"சொன்னதைத்தானே சேர் எழுதச் சொன்னியள்?"

"ஓமோம். நீங்கள் சொன்னதையே எழுதுங்கோ."

மனுஷன் பாவம், நல்லாய்க் குழம்பிப்போனார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மார்ச் 24, வியாழன்

இவர் பெற்றோல் கியூவில் ஒன்பது மணித்தியாலம் நின்றார். வீட்டுக்கு வந்து அமைச்சரில் தொடங்கிப் பக்கத்து வீட்டுக் கோழி வரைக்கும் ஏசினார்.

ஏப்ரல் 3, ஞாயிறு

பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஆரணி கிணற்றடியில், பின்னேர வெளிச்சத்தில் இருந்து படித்தாள். காஸ் சிலிண்டருக்கு நின்றதில் என் முறை வந்தபோது லொறி காலி. விறகு அடுப்புத்தான் இனி.

ஜெர்மனியில் இருந்து மலர் மச்சாள் எடுத்தா. இவருடைய அக்கா. எடுத்ததில் இருந்து ஒரே புலம்பல்.

"இஞ்சையும் பெரிய கஷ்டம் அரசி. கடையிலை சூரியகாந்தி எண்ணெய் ஆளுக்கு ஒரு போத்தல்தான் குடுக்கிறாங்கள். என்ன காலம் வரப்போகுதோ தெரியேல்லை. இனி நல்ல காலமே இல்லை."

அந்த நேரம் என் வீட்டில் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்து வைத்திருந்தேன், அடியில் உள்ளதும் வடியட்டும் என்று. மச்சாள் நூறு வீதம் ஜெர்மன்காரி ஆகிவிட்டா. எங்கள் ஏழாம் வீட்டு அம்மா உலைக்கு அரிசி இல்லாமல் நான்கு போடுகிறா. மச்சாள் எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று போடுகிறா. அன்ரன் சேருக்கு இதைச் சொன்னால் ஆளுக்குத் தலையிடி கூடிவிடும்.

பிறகு மச்சாள் தம்பியோடு கதைக்கவேண்டும் என்றா. இவர் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். அக்காவும் தம்பியும் கதைக்க ஆயிரம் இருக்கும்.

மே 7, சனி

இன்று ஒரு நல்ல செய்தி எழுதலாம்.

ஜெசிந்தா சிரித்தாள். பெப்ரவரியில் அழுத அதே ஜெசிந்தா. "அடுத்த பன்னிரண்டு மாதத்தில்?" என்று கேட்டதும் யோசிக்காமல் "அஞ்சு" என்றாள்.

"அவருக்கு ஏதும் வேலை கிடைச்சிருக்கோ?"

"அப்பிடித்தான் வச்சுக்கொள்ளுங்கோவன் அக்கா. அடுத்த வருஷம் இந்நேரம் எங்களுக்கு ஒரு குறையும் இராது."

நாட்டுக்கு ஒன்று, ஒன்று என்றாள். சாமான் வாங்குகிற கேள்விக்கும் ஒன்று. "இனி என்னத்துக்கு அக்கா சாமான்?" என்றாள். நின்றபடியே எழுதினேன். இருக்கக் கதிரை இல்லை, ரீவி இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது. போகும்போது முட்டையிடுகிற பேடு ஒன்றைக் காலைக் கட்டி என் கையில் தந்தாள். "வச்சு வளர்த்தெடுங்கோ, வெட்டிப்போடாதையுங்கோ" என்றாள்.

மூன்றாம் வீட்டிலும் ஒன்பதாம் வீட்டிலும் இதே மாதிரி ஐந்து விழுந்தது. சனங்களுக்குத் தைரியம் வருகிறது போலிருக்கிறது.

மே 19, வியாழன்

பெற்றோல் இல்லாமல் ஓட்டோ நின்று எட்டு நாள். தறப்பாளால் மூடிவிட்டார்.

மே 28, சனி

இவரைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை எழுதவேண்டும். சும்மா இருக்கிற ஆள் இல்லை. பின்பக்கக் கூரையில் உடைந்த ஓடெல்லாம் மாற்றிவிட்டார். நான் மூன்று மாரியாய்ச் சொல்லிக் களைத்த வேலை. ஆறு மாதத்துக்குக் காணும் என்கிற அளவு விறகு கொத்திச் சுவரோரம் அடுக்கியிருக்கிறார். யாரிடமோ பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கி, புது ரியூப் போட்டு, "இனி நீ நடக்காதை" என்று தந்தார். ஆரணிக்குக் கிணற்றில் வாளி போட்டுத் தண்ணீர் அள்ளப் பழக்கினார். முதலில் அழுதாள், இப்போது தானாகவே அள்ளுகிறாள்.

ஒருவருக்கும் ஏசுவதும் இல்லை. பெற்றோல் விலை ஏறிய செய்தி ரேடியோவில் போனது. கையில் இருந்த பாணைப் பிய்த்து ஆரணிக்குக் கொடுத்தார்.

பொறுமை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். நாற்பத்திநான்கு வயதில் வந்தாலும் வந்ததே.

யூன் 9, வியாழன்

ஜெசிந்தா வீடு பூட்டிக் கிடந்தது. நாய் அவிழ்த்துவிட்டபடி படலையடியில் படுத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "மன்னாருக்குச் சொந்தக்காரர் வீட்டை போயிட்டினமாம்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். மூன்றாம் வீடும் ஒன்பதாம் வீடும் திங்கட்கிழமையில் இருந்தே பூட்டு.

ஒரு வீடு பூட்டியிருந்தால் அதே ஒழுங்கையில் அடுத்த வீட்டைச் சேர்க்கலாம் என்பது கொம்பனி விதி. இரண்டு வீட்டுக்கு அப்படிச் சேர்த்துவிட்டேன். ஜெசிந்தாவின் ஒழுங்கையில் பக்கத்து வீட்டுக்காரி மறுத்துவிட்டாள், மற்ற இரண்டு வீட்டிலும் கூப்பிட ஆள் வரவில்லை. இன்றுதான் கடைசி நாள். சொந்தக்காரரிடம் கேட்கக்கூடாது என்பதும் விதிதான். ஆனால் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வந்த களைப்பு. என் வீட்டையே பதினான்காம் இலக்கமாக எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். வீட்டுத் தலைவர் பெயருக்கு மாமாவின் பெயரைப் போட்டேன். இதுதான் நான் செய்த ஒரே கள்ளம்.

இவர் தோடம்பழம் உரித்து ஆரணிக்குக் கொடுத்துக்கொண்டு இருந்தார்.

"போன வருஷத்தோடை பாக்க எங்கடை குடும்பம்?"

"ஒண்டு."

"அடுத்த பன்னிரண்டு மாதத்திலை?"

"அஞ்சு."

"பகிடி விடாதையுங்கோ. கொம்பனி அலுவல்."

"பகிடியில்லை அரசி. அஞ்சு போடு. அடுத்த வருஷம் இந்நேரம் உங்களுக்கு ஒரு குறையும் இராது."

நாட்டுக்கு ஒன்று, ஒன்று. சாமான் வாங்குகிற கேள்விக்கு, "இனி என்னத்துக்குச் சாமான்?" என்று சிரித்தார். ஒன்று.

வேறு வீட்டில் இப்படிச் சொல்லியிருந்தால் சந்தோஷமாக எழுதியிருப்பேன். இன்று ஐந்து போடும்போது பேனை இரண்டு தரம் எழுதவில்லை. மை முடியப்போகிறது, புதுசு வாங்கவேண்டும்.

யூன் 14, செவ்வாய்

அன்ரன் சேர் எடுத்தார். இரண்டாம் கேள்வியில் எங்கள் இருபது வீடுகளின் சராசரி ஜெர்மனியைத் தாண்டிவிட்டதாம்.

"மேலிடம் சந்தோஷப்படுது. எனக்கு நம்பேலாமல் கிடக்கு. நம்பிக்கை இருக்கிறவன் ஒரு பிரிட்ஜாவது வாங்குவம் எண்டு நினைப்பான். உங்கடை ஆக்கள் குடும்பத்துக்கு அஞ்சு போட்டிட்டு, சாமானுக்கு ஒண்டு போடுகினம். ஒரு பிளேட்டுக்கூட வாங்கமாட்டினமாம். இது என்ன நம்பிக்கை, அரசி?"

"தாளைப் பாத்திட்டுச் சொல்லுறன் சேர்" என்றேன்.

யூன் 17, வெள்ளி

ஐந்து மாதத் தாள்களையும் மேசையில் பரப்பினேன். முன்பே செய்திருக்கவேண்டியது.

ஒன்று போட்டுத் திட்டித் தீர்க்கிற வீடுகள் எல்லாம் இருக்கின்றன. பறுவதமக்கா இருக்கிறா. சாமானுக்கு ஐந்து போட்டுப் பானை வாங்கியவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். குடும்பத்துக்கு ஐந்தும் நாட்டுக்கும் சாமானுக்கும் ஒன்றும் போட்ட வீடுகள் மே மாதத்தில் மூன்று. மூன்றாம் இலக்கம், ஒன்பதாம் இலக்கம், பதினான்காம் இலக்கம். மூன்றும் பூட்டு. மன்னாருமில்லை ஒன்றுமில்லை. கடலால் போய்விட்டார்கள். அந்தப் பன்னிரண்டு மாதங்களை அவர்கள் இங்கே இருந்து எண்ணவில்லை.

யூன் மாதத்தில் அதே மாதிரி ஒரு தாள் இருக்கிறது.

அரிசியில் கல் பொறுக்கக் கிடக்கிறது. மிச்சத்தைப் பிறகு எழுதலாம்.

யூன் 18, சனி

கேட்டேன். குசினிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "உங்களுக்கு ஏதும் யோசினை இருக்கோ?"

"என்ன யோசினை? விசர்க்கதை கதைக்காதை."

"சத்தியம் செய்தனீங்கள்."

"ஓட்டோ ஓடுமட்டும் எண்டு சொன்னனான்."

சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார், நான் தாளில் எழுதுகிற மாதிரி. குரலை உயர்த்தவும் இல்லை.  இப்போது சோளகக் காற்று அடிக்கிற காலம், கடல் கொந்தளித்துக் கிடக்கிறது. கடற்கரைச் சனங்களே வலையைக் காயப்போட்டுவிட்டு இருக்கிறார்கள். அவருக்கு நீந்தத் தெரியாது.

சரி. ஓட்டோ ஓடவேண்டும், அவ்வளவுதானே? ஓடவைக்கிறேன்.

யூன் 20, திங்கள்

பறுவதமக்காவிடம் பெற்றோல் இருப்பது எனக்குத் தெரியும். தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு என்று ஐந்து லீற்றர் கான் ஒன்றில் ஒளித்து வைத்திருக்கிறா. போனேன். எங்கள் வீட்டில் இருந்த அரை மூடை அரிசியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

"என்ரை வெங்காயம் காஞ்சு போனா உன்னைத்தான் தின்னுவன்" என்றா. "உனக்கு என்னத்துக்கடி பெற்றோல்? கியூவிலை நிக்க உன்ரை புருஷனுக்குக் கால் இல்லையோ?"

"ஓட்டோ ஓடவேணும் அக்கா."

"எங்கை ஓட?"

"எங்கையெண்டாலும். இஞ்சை ஓடினாக் காணும்."

என் முகத்தில் என்ன கண்டாவோ, ஐந்து லீற்றரும் தந்தா. அரிசியில் பாதியைத் திருப்பித் தூக்கிச் சைக்கிளில் கட்டிவிட்டா. கட்டும்போதும் திட்டினா.

யூன் 21, செவ்வாய்

ஓட்டோ ஓடியது!

கானைக் கண்டதும் இவர் அப்படியே நின்றுவிட்டார். "எங்காலை எடுத்தனி?" என்று மூன்று தரம் கேட்டார். கொஞ்சத்தைத்தான் ராங்கிக்குள் ஊற்றினார், மிச்சம் கையில் இருக்கட்டும் என்று. பின்னேரம் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கோயிலடி வரைக்கும் போய்வந்தார். ஆரணி பின்சீற்றில் இருந்து கத்திக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் சனம் எங்களைப் பார்த்தது, கலியாண ஊர்வலம் போகிற மாதிரி. இறங்கும்போது இவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"உனக்கு நல்ல மூளை, அரசி" என்றார்.

சத்தியம் சத்தியம்தான். நாளையில் இருந்து பெற்றோல் தேடுவதுதான் என் முதல் வேலை. வாரம் ஒரு லீற்றர் கிடைத்தாலும் போதும்.

யூன் 22, புதன்

விடிந்து ஆறு மணிக்கு வெளிக்கிட்டார். டவுனில் எண்ணெய் அடிக்கிற செற்றில் பெற்றோல் வருகிறதாம், இரண்டு மூன்று நாள் நிற்கவேண்டி வருமாம், சிநேகிதனின் மோட்டார் சைக்கிளில் போகிறாராம். தோளில் பை, கையில் கான். படலையடியில் நின்று, "அப்ப போயிட்டு வாறன்" என்றார். வழமையாக அதைக்கூடச் சொல்லமாட்டார். தலையை ஆட்டிவிட்டுப் போகிற ஆள்.

கியூவுக்குப் போகிறவன் வெறுங்கான்தான் கொண்டுபோவான். அவர் கையில் இருந்த கான் கையைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

வெளிக்கிட்டவரை மறித்து எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாது. போகிற காரியம் கெட்டுவிடும். அம்மா அப்படித்தான் பழக்கினா. நானும் ஆரணிக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். இருபது வீட்டில் மாதம் நூறு கேள்வி கேட்கிறவள் நான்.

கேட்கவில்லை.

யூன் 23, வியாழன்

வரவில்லை. இரண்டு மூன்று நாள் என்றுதானே சொன்னார்.

யூன் 24, வெள்ளி

தறப்பாளை விலக்கி ஓட்டோ ராங்கியைத் திறந்து பார்த்தேன். குழாய் விட்டு உறிஞ்சி எடுத்திருக்கிறார். ஒரு சொட்டும் இல்லை.

மலர் மச்சாள் எடுத்தா. என் குரல் கேட்டதும், "தம்பி போய்ச் சேர்ந்திட்டானே?" என்றா.

"எங்கை மச்சாள்?"

மச்சாள் அழத் தொடங்கினா. படகுக்கு எல்லாம் ஒழுங்காகி ஒரு மாதமாம். படகுக்காரன் மண்ணெண்ணெய் வைத்திருந்தானாம். ஆனால் அந்த எஞ்சினை இழுத்துக் கிளப்ப முதலில் பெற்றோல் வேண்டுமாம். அது கிடைக்காமல்தான் மூன்று தடவை நின்றதாம். "செவ்வாய்க்கிழமை எடுத்தவன், அக்கா பெற்றோல் கிடைச்சிட்டுது எண்டு சொன்னவன். உனக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சன்."

போனை ஆரணியிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். வாளியைப் போட்டுத் தண்ணீர் அள்ளி அள்ளி வெறும் நிலத்தில் ஊற்றினேன். நான்தான் கொடுத்தேன். அரை மூடை அரிசி கொடுத்து வாங்கி, சைக்கிளில் கட்டி, நானே கொண்டுவந்து கையில் கொடுத்தேன்.

யூன் 27, திங்கள்

சின்னம்மாவின் மகன் முகாமில் இருந்து எடுத்தான். ஜெசிந்தா குடும்பம் யூன் முதல் கிழமையே வந்து சேர்ந்துவிட்டதாம், நல்லாய் இருக்கிறார்களாம். 22ஆம் தேதிக்குப் பிறகு ஒரு படகும் வரவில்லையாம்.

யூன் 30, வியாழன்

காற்று.

யூலை 4, திங்கள்

பறுவதமக்கா வந்தா. பை நிறைய வெங்காயம். முற்றத்தில் நின்றபடி இவரை வாய்க்கு வந்தபடி ஏசினா. பெண்சாதி பிள்ளையை விட்டுவிட்டுப் போன நாய் என்றா, வரட்டும் செருப்பாலே அடிக்கிறேன் என்றா. ஒருத்தி அவரை இன்னும் வரப்போகிற ஆளாக நினைத்துத் திட்டுகிறா. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாவா என்று இருந்தது. போகும்போது என் தலையைத் தடவினா.

கடற்படை முகாமிலும் பொலிசிலும் பெயர் கொடுத்தாயிற்று. பிடிபட்டவர்களின் பட்டியலில் இல்லை. பிடிபட்டிருந்தால் எவ்வளவு நல்லாய் இருந்திருக்கும்.

யூலை 7, வியாழன்

சுற்றின் கடைசி நாள். பத்தொன்பது தாள் முடிந்தது. பதினான்காம் இலக்கம் மட்டும் மிச்சம். போன மாதம் புதிதாகச் சேர்த்த வீட்டை இந்த மாதமும் கேட்கவேண்டும் என்பது விதி. பேசாமல் பூட்டு என்று எழுதியிருக்கலாம். எழுத மனம் வரவில்லை. இது பூட்டிய வீடு இல்லை.

மேசையில் இருந்து என்னை நானே கேட்டேன். போன வருஷத்தோடு பார்க்க உங்கள் குடும்பத்தின் நிலைமை? ஒன்று. அது உண்மை.

இரண்டாம் கேள்வியில் நின்றுவிட்டேன். ஒன்றுதான் உண்மை என்று எனக்குத் தெரியும். கடலையும் தெரியும், நாட்கணக்கும் தெரியும். இன்றைக்குப் பதினைந்து நாள். பேனையை ஒன்றுக்கு நேரே கொண்டுபோய் வைத்தேன். அப்போது ஆரணி நெருப்புப்பெட்டியோடு வந்து சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கைக் கொளுத்தினாள். கொளுத்திவிட்டு, கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்கத் தேவையில்லை.

அந்த வெளிச்சத்தில் ஒன்று என்று எழுத என்னால் முடியவில்லை. நான் எழுதினால் அது நடந்ததாகிவிடும். ஐந்து போட்டேன். மற்ற மூன்றுக்கும் ஒன்று. கையோடு படம் எடுத்து அனுப்பினேன்.

அரை மணித்தியாலத்தில் அன்ரன் சேர் எடுத்தார். அந்த மூன்று வீட்டுக் கதையையும் அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன். என் வீட்டுக் கதையைச் சொல்லவில்லை.

"அரசி, பதினாலாம் வீடு. குடும்பத்துக்கு அஞ்சு, மிச்சமெல்லாம் ஒண்டு. இவையும் வெளிக்கிடப் போகினமோ?"

"இல்லை சேர். இவை இருக்கினம்."

"பிறகேன் அஞ்சு?"

ஆரணி விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"விளக்கு வைக்கிற நேரம் கேட்டிட்டன், சேர்" என்றேன்.

 அடுத்த சுற்று ஓகஸ்ட் முதலாம் கிழமை.